வறிய நிலை

எங்கள் காம்பவுண்டில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் சுசீலாவின் போர்ஷன் எது என்று சொல்லிவிடலாம். ரப்பர் நாற்றம் அடிக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு ரப்பர் சாமான் வார்க்கிற கம்பெனிகள் நிறைய. அச்சிலிருந்து எடுத்ததும் ஓரமெல்லாம் பிசிறு நிற்கும். அதை பிளேடால் சீவி எடுக்கிற வேலையைக் கம்பெனிக்காரன் உள்ளே வைத்துக்கொள்ள மாட்டான். மூட்டையாகக் கட்டித் திருமுல்லைவாயில் பக்கம் பொம்பளைகள் வீட்டுக்கு அனுப்பிவிடுவான். கிலோ கணக்கில் கூலி. விரலை வெட்டிக்கொண்டால் அது அவரவர் பாடு. சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மூட்டையை அவிழ்த்தால் சோற்றில்கூட டயர் வாசனை வரும்.

கஜபதி இருந்தவரைக்கும் அந்த மூட்டை இந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அவர் ஒரு அரசாங்க ஆபீஸில் பம்ப் ஆபரேட்டர். எந்த ஆபீஸ் என்று பெயர் சொல்லி யாருக்கு என்ன லாபம்? நீங்களும் அப்படி ஒரு ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றிருப்பீர்கள், அதையே நினைத்துக்கொள்ளுங்கள். பாதி ஆயுள் தினக்கூலியாக இருந்து, தலை நரைத்த பிறகு நிரந்தரம் ஆனவர். புதுப் பென்ஷன் திட்டத்தில் சேர்த்ததால் குடும்பப் பென்ஷன் கிடையாது. ஒரு கார்த்திகை மழையில் மோட்டார் ரூமுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. தெருவுக்குக் குடிதண்ணீர் விட வேண்டுமே என்று உள்ளே இறங்கி சுவிட்சைத் தொட்டிருக்கிறார். விடிந்ததும் ஆட்கள் வந்து தூக்கினார்கள்.

ஆபீஸிலிருந்து எல்லோரும் வந்தார்கள். மாலை போட்டார்கள். மேலதிகாரி ஒருத்தர் ரேவதியின் தலையில் கை வைத்து, "அப்பா வேலை உனக்குத்தாம்மா, கவலைப்படாதே" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். ரேவதி ஒரே பிள்ளை, பி.காம். முடித்தவள். சுசீலா அஞ்சாம் கிளாஸோடு நின்றவள், அந்த ஆபீஸில் பெருக்குகிற வேலைக்குக்கூட எட்டாவது கேட்கிறார்கள். ஆகவே மகள் பெயரில் மனு போனது. கருணை அடிப்படையில் வேலை என்று அதற்குப் பெயர்.

ரேவதிக்கும் ஸ்ரீகாந்துக்கும் கஜபதி இருக்கும்போதே பேசி முடித்திருந்தது. காரியம் முடிந்த கையோடு கஜபதியின் அக்கா எல்லம்மா கோவில்பதாகையிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"சுசீலா, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. வருசம் திரும்பறதுக்குள்ள பொண்ணு கழுத்துல தாலி ஏறணும்."

"இன்னா அண்ணி சொல்ற? அவரு போயி இன்னும் ஊட்ல அழுகை நிக்கல."

"அழுவு, யாரு வாணாங்கறா? ஆனா பெரிய சாவு ஆன ஊட்ல அந்த வருசத்துக்குள்ள ஒரு நல்லது பண்ணணும். உட்டா மூணு வருசம் பண்ணக் கூடாது. மூணு வருசம் பையன் ஊட்டுக்காரன் வாயப் பாத்துகினு குந்தியிருப்பானா?"

"வேலை வந்துட்டா அவ கால்ல அவ நிப்பா. அப்பறம் பண்ணலாம்னு பாத்தேன்."

"வேலை எங்க ஓடிடப் போவுது? ஆபீசருதான் தலையில கை வச்சி சொல்லிட்டாரே. என் தம்பிக்கு கன்னிகாதான புண்ணியம் போயி சேரணும்டி. அதையும் கெடுத்துடாத."

கல்யாணத்துக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு ரூல் இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஆபீஸ்காரர்களும் வாயைத் திறக்கவில்லை. பச்சையம்மன் கோவிலில் தாலி கட்டு, பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. ஆபீஸிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசு கொடுத்து, போட்டோவுக்கு நின்று, சாப்பிட்டுப் போனார்கள். கல்யாணம் முடிந்த சில மாதத்தில் அதே ஆபீஸிலிருந்து தபால் வந்தது. மனுதாரர் திருமணமான மகள் என்பதால் இறந்தவரைச் சார்ந்தவராகக் கருத இயலாது, மனு நிராகரிக்கப்படுகிறது.

சுசீலா தபாலை எடுத்துக்கொண்டு நேரே ஆபீஸுக்குப் போனாள். செக்‌ஷனில் இருந்தவர் அவளுக்கு முகம் தெரிந்தவர்.

"ரூல் அப்படிம்மா. கல்யாணம் ஆயிட்டா பொண்ணு புருஷன் வீட்டு ஆளு."

"நீதானய்யா பந்தியில குந்திகினு பாயசம் ரெண்டாவது தபா கேட்டு வாங்கி சாப்ட்ட? அப்ப வாய்ல இன்னா வச்சிருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தத் தாலிய நிறுத்தியிருப்பேனே!"

"கல்யாணத்துல வந்து ரூல் பேச முடியுமாம்மா?" என்றார் அவர். அவர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் எரிச்சல்.

அன்றைக்கு சாயங்காலம் எல்லம்மாவுக்கும் சுசீலாவுக்கும் நடந்த சண்டையைக் காம்பவுண்டே நின்று பார்த்தது. மறு வாரம் முதல் ரப்பர் மூட்டை வீட்டுக்கு வந்துவிட்டது.

ஸ்ரீகாந்த் பட்டரைவாக்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஆர்டர் இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் போனை எடுக்க மாட்டார்கள். தனியாக வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் மாமியார் வீட்டோடு வந்துவிட்டான். வீட்டோடு மாப்பிள்ளை என்று காம்பவுண்டு பயல்கள் கேலி பேசுவான்கள். அவனுக்கு அது உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. ரேவதி சி.டி.எச். ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் பில் போட்டாள்.

வக்கீலைப் பிடித்துக் கொடுத்தது பக்கத்து போர்ஷன் ஆக்னஸ். ஆவடியில் ஜெராக்ஸ் கடை மாடியில் சரவணக்குமார் என்று ஒருத்தர், ஏழைகளிடம் பார்த்து வாங்குவார் என்றாள். உண்மையில் நல்ல மனுஷர். ஐகோர்ட்டில் ரிட் மனு போட்டார். கேஸ் வருஷக் கணக்கில் கிடந்து, ஒருநாள் தீர்ப்பு வந்தது. மகன் கல்யாணம் செய்துகொண்டாலும் மகன்தான் என்றால், மகள் மட்டும் எப்படி மகள் இல்லாமல் போவாள்? சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அரசியலமைப்பு சொல்லும்போது இந்த விதி பெண்ணுக்கு ஒரு நியாயம் ஆணுக்கு ஒரு நியாயம் பேசுகிறது, செல்லாது என்று நீதிபதி எழுதியிருந்தார். எதிர் போர்ஷன் என்பதால் நானும் வாங்கி வாசித்துப் பார்த்தேன். அருமையாக எழுதியிருந்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சுசீலா காம்பவுண்டு முழுக்க லட்டு கொடுத்தாள். வக்கீலுக்கும் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு ஆவடிக்குப் போனோம்.

"எப்ப சார் வேலைக்குப் போவணும்?" என்று கேட்டாள் சுசீலா.

சரவணக்குமார் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே தயங்கினார். "அம்மா, கோர்ட் வேலை கொடுக்காது. நிராகரிச்சது தப்புன்னு ரத்து பண்ணியிருக்கு. மனுவைத் திரும்பப் பரிசீலிக்கச் சொல்லி ஆபீஸுக்கு அனுப்பியிருக்கு."

"எந்த ஆபீசுக்கு?"

"அதே ஆபீஸுக்குத்தான்."

"இன்னா சார் இது! அடிச்சவன் கையிலயே திரும்பவும் புள்ளைய குடுக்கறீங்களே?"

"கவர்ன்மென்ட் செய்யவேண்டிய வேலையை கோர்ட் செய்யாதும்மா. செஞ்சது சரியா தப்பான்னு மட்டும்தான் பார்க்கும்."

"தப்புன்னு பாத்துட்டாங்களே சார். அப்பறமும் இன்னா பாக்கறது?"

ரேவதி அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். "விடும்மா. ஜெயிச்சிருக்கோம். ஆர்டர் வரும்."

ஆர்டர் வரவில்லை. தீர்ப்பை மதிக்கவில்லை என்று இன்னொரு மனுப் போட்டு, அதற்கு ஆபீஸ் தரப்பு வாய்தா வாங்கி, இடையில் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. சுசீலாவின் இடது கட்டைவிரலில் பிளேடு பட்ட தழும்பின் மேலேயே மறுபடி வெட்டு விழும். மஞ்சளை வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த ரப்பர் வாஷரை எடுப்பாள். கூட உட்கார்ந்து ரேவதியும் சீவுவாள். மாதக் கடைசியில் ரசமும் சோறும்தான். முட்டை வாங்கினால் அது மாப்பிள்ளை தட்டுக்கு. இதெல்லாம் எதிர் போர்ஷனில் இருக்கிற எனக்குத் தெரியும். வெளியே நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது, தெரியவும் விடமாட்டாள் சுசீலா.

கடைசியில் ஆபீஸ் கண்ணைத் திறந்தது. குடும்பம் வறிய நிலையில் இருக்கிறதா என்று நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுக்க ஒரு ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது. ரேவதி அன்றைக்குக் கடையில் சொல்லிவிட்டு மத்தியானத்துக்கு மேல்தான் வர முடிந்தது. வந்து பார்த்தபோது அவளுக்குத் தன் வீடு அடையாளமே தெரியவில்லை.

சுசீலா காலையிலிருந்து ஓயவில்லை. ரப்பர் மூட்டை அத்தனையும் ஆக்னஸ் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. தரையை ரெண்டு தடவை கழுவியிருந்தாள். நாற்றம் போக சாம்பிராணி. ஆக்னஸ் வீட்டுப் பிளாஸ்டிக் சேர், ஆக்னஸ் வீட்டு ஃபேன். பெட்டியிலிருந்து கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலை. அடுப்பில் நெய் போட்டு, முந்திரி போட்டு கேசரி.

"இன்னா அக்கா, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று ஆக்னஸே கேட்டாளாம்.

"சும்மாயிரு ஆக்னஸ். கவர்மென்ட்டு ஆளு ஊடு தேடி வர்றாரு. அவரு உசுரோட இருக்கசொல்ல ஆபீஸ் ஆளுங்க வந்தா எப்பிடி கவனிப்பாரு தெரியுமா? அந்த ஊடா இதுன்னு ஒருத்தன் வாயத் தொறந்து கேட்டுடக் கூடாது."

ஆய்வாளர் வந்தார். நல்ல வெயிலில் பைக்கில் வந்து வேர்த்துப்போயிருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கஜபதி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல கேசரித் தட்டு கைக்குப் போய்விட்டது.

"வருமானம் எப்படிம்மா?" என்றார் சாப்பிட்டுக்கொண்டே.

"இருக்குது சார், ஏதோ."

"சாப்பாட்டுக்குக் கஷ்டம் ஏதாவது?"

"அதெல்லாம் ஒரு கொறையும் இல்ல சார். ஆண்டவன் புண்ணியத்துல நல்லா கீறோம். இன்னும் கொஞ்சம் வச்சிக்கோங்க."

ரேவதி அம்மாவை முறைத்தாள். "சார், அது வந்து, எங்க அம்மா வீட்டுலயே வேலை..."

"அவ சின்னப் பொண்ணு சார், ஏதாச்சும் பேசுவா" என்று சுசீலா சிரித்துக்கொண்டே மறித்தாள். சாப்பிட உட்கார்ந்தவர் முன்னால் இல்லாமையைப் பேசுவது அவள் வளர்ந்த வீட்டில் கிடையாது.

மிச்சத்தை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டான். இஸ்திரி போட்ட சட்டையோடு சுவரோரம் நின்றிருந்தவனைப் பார்த்து ஆய்வாளர், "நீங்க?" என்றார்.

"மாப்பிள்ளை சார். பட்டரைவாக்கத்துல கம்பெனியில இருக்கேன்."

"பர்மனென்ட்டா?"

ஸ்ரீகாந்த் ஒரு நிமிஷம் வாசலைப் பார்த்தான். வாசலில் அந்தக் காம்பவுண்டுப் பயல்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்கள். "ஆமா சார். நான்தான் எல்லாரையும் பார்த்துக்கிறேன். அத்தைக்கு ஒரு கஷ்டமும் வச்சதில்லை."

கம்பெனியில் அவனைக் கடைசியாகக் கூப்பிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆய்வாளர் கை கழுவிக்கொண்டு, கேசரி பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். சுசீலாவுக்கு அன்று முழுக்க முகத்தில் ஒரு வெளிச்சம். நல்லபடியாகக் கவனித்து அனுப்பிவிட்டோம், இனி வேலை வந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தபால் வந்தது. மனுதாரரின் குடும்பம் வறிய நிலையில் இல்லை எனக் கள விசாரணையில் தெரியவருவதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. இந்தத் தடவை கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோர்ட் சொன்னதை மதித்துவிட்டார்களாம்.

ரேவதி தபாலைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு வாய் வெடித்தது.

"ஏம்மா கேசரி கிண்டின?"

"இன்னாடி கேக்கற?"

"கேசரி எதுக்கும்மா கிண்டின? நெய் எவ வீட்டுல வாங்கின? நம்ம கஷ்டத்தைப் பார்க்க வந்தவன்கிட்ட ஆக்னஸ் அக்கா வீட்டு சேரைப் போட்டு உக்கார வைக்கிறே!"

"ஊட்டுக்கு வந்த ஆளுக்கு வெறும் தண்ணியா குடுத்து அனுப்புவாங்க? கை நீட்டி பிச்சையா கேக்க சொல்ற?"

"பிச்சை இல்லம்மா, எங்கப்பா உசுரு! அந்த மூட்டையைப் பார்த்திருந்தா போதும்மா. உன் விரலைக் காட்டியிருந்தா போதும்."

"விரலைக் காட்டறதா? எவன் முன்னாடியும் உங்கப்பா என்னை அப்படி நிறுத்துனதில்லடி."

ஸ்ரீகாந்த் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீங்க பேசாதீங்க, பர்மனென்ட்டு!" என்றாள் ரேவதி. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். சுசீலா அன்றைக்குச் சமைக்கவில்லை. எதிர்த்த போர்ஷனில் எங்களுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுபடி ரிட். இந்தத் தடவை சரவணக்குமார், கௌரவமாக வாழ்கிற உரிமையும் உயிர் வாழ்கிற உரிமைக்குள் அடங்கும் என்று மனுவில் எழுதினார். பழைய தீர்ப்புகளை எல்லாம் அடுக்கினார். விசாரணை அன்றைக்கு நாங்கள் ரயிலில் பீச் ஸ்டேஷன் வரைக்கும் போகும்போது ரேவதி அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

"நீதிபதி ஏதாவது கேட்டா உண்மையைச் சொல்லணும். புரியுதா? மானம் கீனம்னு மறைக்கக் கூடாது."

"சொல்றேன்டி."

"மூட்டையைச் சொல்லணும். விரலைக் காட்டணும்."

"காட்றேன்னு சொல்லிட்டேன் இல்ல? ஏன் திரும்பத் திரும்ப சொல்லிகினு வர்ற?"

இந்தத் தடவை வேறு நீதிபதி. அரசாங்க வக்கீல் எழுந்து, அறிக்கை தெளிவாக இருக்கிறது, குடும்பத்தலைவர் இறந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது, குடும்பம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றார். சரவணக்குமார் அறிக்கை தப்பு என்றார், ஒரு வேளைச் சாப்பாட்டோடு படுக்கிற குடும்பம் என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பின்னால் நின்ற சுசீலாவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, தன்மையாகத்தான் கேட்டார்.

"அம்மா, இத்தனை வருஷமா எப்படிச் சமாளிக்கிறீங்க?"

சுசீலா முன்னால் வந்தாள். முந்தானைக்குள் வைத்திருந்த கையை வெளியே எடுத்து நீட்டினாள். அவ்வளவு பெரிய மண்டபத்தில், கறுப்பு அங்கிக்காரர்கள் எல்லோர் முன்னாலும், அந்த வெட்டுப்பட்ட விரல்களை விரித்துக் காட்டினாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரப்பரு பிசிறு சீவுறேன் அய்யா. எம்பொண்ணும் சீவுறா. வேற வழி இல்ல. அன்னிக்கு வந்த சாருகிட்ட வெக்கப்பட்டுகினு பொய் சொல்லிட்டேன். இதுதான் நெசம். இத்தை வச்சித்தான் இத்தினி வருசமா வயித்த கழுவினோம்."

நீதிபதி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகத் தீர்ப்பைச் சொல்ல ஆரம்பித்தார். சட்ட ஆங்கிலம், காதில் சரியாகப் பிடிபடவில்லை, ஆனாலும் சரவணக்குமாரின் தோள் தொங்கியதிலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

வராந்தாவில் வந்து அவர் தமிழில் சொன்னார். கருணை வேலை என்பது உரிமை இல்லை. சம்பாதிக்கிறவர் திடீரென்று போனதால் குடும்பம் விழுந்துவிடாமல் அந்த நேரத்துக்குத் தாங்குவதற்காகத்தான். இந்தக் குடும்பம் உழைத்து இத்தனை வருஷம் தாக்குப்பிடித்துவிட்டது, அதனால் அந்த நெருக்கடி தாண்டிவிட்டது. மனுதாரரின் தாயாரே இதை நேரில் சொல்லியிருக்கிறார். அந்த உழைப்பை நீதிமன்றம் பாராட்டுகிறது. மனு தள்ளுபடி.

"பாராட்டுறாங்களா?" என்றாள் ரேவதி.

"ஆமாம்மா. பதிவு பண்ணச் சொன்னார்."

"லேட் ஆனது எங்களாலயா சார்? கல்யாணம் ஆயிடுச்சுன்னு தப்பா நிராகரிச்சது அவங்க. தப்புன்னு சொல்ல இத்தனை வருஷம் ஆச்சு கோர்ட்டுக்கு. அந்த வருஷத்தை எல்லாம் எங்க கணக்குல எழுதுறாங்களே!"

"நானும் அதைத்தான் வாதாடினேன்." சரவணக்குமார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்பீல் போகலாம். ரெண்டு நீதிபதி கேட்பாங்க. வழி இருக்கு."

"அப்பீல்ல ஜெயிச்சா?"

"திரும்பப் பரிசீலிக்கச் சொல்லி ஆபீஸுக்கு அனுப்புவாங்க."

"ஆபீஸ்ல?"

"திரும்ப விசாரிப்பாங்க. குடும்பம் இப்ப எந்த நிலைமையில இருக்குன்னு."

அதுவரைக்கும் சுசீலா ஒதுங்கியே இருந்தாள். தூணோரம் நின்று, கையை மறுபடி முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். இப்போது வக்கீலுக்கு நேரே வந்து நின்றாள்.

"அதுவரைக்கும் நாங்க உசுரோட இருக்கலாமா சார், கூடாதா?"

கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஒரு தடவை கஷ்டம் இல்லை என்று மறைத்துப் பார்த்தாகிவிட்டது, ஒரு தடவை கஷ்டம் இருக்கிறது என்று காட்டிப் பார்த்தாகிவிட்டது. இனி எப்படி இருக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உள்ளே அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள்.